மயில்துத்தமும் பாஷாணமும்: ஒரு பச்சைக் கட்டையின் கதை

போன பிப்ரவரியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு சுவரைப் பிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே கட்டிய சுவர். நியூ ஜெர்சிக் குளிரில் ஒரு கறிவேப்பிலைச் செடியை உயிரோடு வைத்திருப்பது என்ன பாடு என்று இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். அதற்காகவே பத்துக்கு எட்டடியில் ஓர் அறை தடுத்து, விளக்கு போட்டு, கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கைக் கன்று எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம். செடிகள் சந்தோஷமாக இருந்தன. சுவர் இல்லை.

"ஏங்க, அந்த ரூம்ல ஒரு வாடை அடிக்குது" என்று மனைவி சொன்னபோது உரத்தின் வாடை என்றுதான் சொன்னேன். பலகையைக் கழற்றிப் பார்த்தால் கட்டைகளின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பூசணம். தரையோடு கிடக்கும் கட்டையில் ஈரமானியைக் குத்தினேன். 27 என்று காட்டியது.

அமெரிக்க வீடுகளில் உள்சுவர் என்றால் செங்கல் கிடையாது. 'டூ பை ஃபோர்' கட்டைகளைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலும் கீழும் ஒரு கட்டையைப் படுக்கப் போட்டு அடித்து, இரண்டு பக்கமும் பலகை மூடினால் சுவர். (இரண்டுக்கு நாலு என்று பேர்தானே தவிர, அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் வரும். அது தனிக் கதை.) நான் கடையில் இருந்ததிலேயே மலிவான வெள்ளைக் கட்டையை வாங்கி, நேராக கான்கிரீட் தரைமேல் போட்டிருந்தேன். கான்கிரீட் பார்க்கத்தான் கல். உண்மையில் அது கெட்டியான பஞ்சு. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, இந்தத் தடவை ஒழுங்காகக் கட்டுவோம் என்று கடைக்குப் போனால், வெள்ளைக் கட்டைக்குப் பக்கத்திலேயே இளம்பச்சை நிறத்தில் இன்னொரு அடுக்கு. ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு அடித்திருந்தது. எதைக் கொண்டு பதப்படுத்தியது, தரையில் படலாமா, கூடாதா என்று அதில் எழுதியிருக்கும். இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அது என்னை 1933-ஆம் வருட டேராடூனில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைக்கவில்லை.

முதலில் மரம் ஏன் இற்றுப்போகிறது என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் பட்டால் மரம் கெடும் என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். நம் ஊரில் கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடுவார்கள். வருடக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், ஒன்றும் ஆகாது. மரத்தைத் தின்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய கட்டையில் காற்று இல்லை. நன்றாகக் காய்ந்த கட்டையில் தண்ணீர் இல்லை. ஆபத்து இரண்டுக்கும் நடுவில்தான். மரத்தின் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் பூஞ்சைக்கு விருந்து. 20-க்குக் கீழே வைத்திருந்தால் அது தலையெடுக்காது என்பது மரத்தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. என் கட்டை 27-இல் இருந்தது. பூசணம் மேலோடு நின்றிருந்தது, உள்ளே இன்னும் உளுக்கவில்லை. இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால் கதை வேறு.

எல்லா மரமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. மரத்தின் நடுப்பகுதியை நாம் வைரம் என்கிறோம், காழ் என்கிறோம். வெளியே இருப்பது வெளிறு. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே காழ் இருந்தால் மரம், வெளியே காழ் இருந்தால் புல் என்று தாவரங்களையே இதை வைத்துத்தான் பிரிக்கிறது. மரம் வயதாகும்போது உள்பகுதியில் உயிரணுக்கள் இறந்து, பிசினும் எண்ணெயும் கசப்பும் தங்குகின்றன. தேக்கு, இங்கே செடார், ரெட்வுட் எல்லாம் ஈரத்தைத் தாங்குவது இதனால்தான். மரம் தனக்காகச் சமைத்துக்கொண்ட விஷம். ஆனால் வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டும்தான் இந்தக் காப்பு. தேக்காகவே இருந்தாலும் வெளிறு வெளிறுதான். 'செடார் வாங்கினேன், கெட்டுப்போச்சு' என்று புலம்புகிறவர்களில் பலர் வாங்கியது வெளிறாகத்தான் இருக்கும்.

இதன் மதிப்பைப் பிரிட்டிஷ் கடற்படை பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1684-லேயே சாமுவேல் பீப்ஸ், புதுக் கப்பல்களுக்குள் தன் முஷ்டி அளவுக்குக் காளான் முளைத்திருந்ததைத் தானே கையால் பறித்ததாக எழுதி வைத்திருக்கிறார். 1810-இல் டெப்ட்ஃபோர்டில் 'குயீன் சார்லட்' கப்பலை இறக்கினார்கள். 100 பீரங்கிகளுக்கு மேல் ஏற்றும் முதல்தரப் போர்க்கப்பல். சண்டையை ஒரு தடவை பார்ப்பதற்கு முன்பே மரம் இற்றுப்போய், பெரும்பகுதியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அதே 1810-இல் பம்பாயில் ஜம்சேத்ஜி பொமான்ஜி வாடியா தேக்கில் கட்டிய 'மிண்டன்' கப்பலும் நீரில் இறங்கியது. அது சுற்றாத கடல் இல்லை. கடைசியில் ஹாங்காங்கில் மருத்துவக் கப்பலாக நின்று, 1861-இல்தான் உடைக்க விற்றார்கள். 1817-இல் அதே வாடியா மலபார்த் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி', நம் திருகோணமலையின் பேரைத் தாங்கியபடி இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு வருடம் தாண்டிவிட்டது.

தேக்குக்கு எங்கே போவது? வைரம் பாய்ந்த மரம் எல்லாருக்கும் கிடைக்காது. அப்போதுதான் ஐரோப்பியர்கள் வெளிற்று மரத்துக்குக் கடன் விஷம் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடைதான் ஞாபகம் வந்தது. 1832-இல் ஜான் ஹோவர்ட் கையன் என்பவர் மரத்தை ஊறவைக்கக் காப்புரிமை வாங்கியது பாதரச குளோரைடில். நம் சித்த வைத்தியர்கள் அதை வீரம் என்பார்கள். வீரம் பூஞ்சையைக் கொன்றது. இரும்பையும் அரித்தது, ஊறவைத்த ஆட்களையும் விடவில்லை. 1838-இல் கடற்படை மருத்துவர் வில்லியம் பர்னெட் துத்தநாக குளோரைடைக் கொண்டுவந்தார். அது மலிவு. ஆனால் மழையில் கரைந்து போய்விடும்.

அதே 1838-இல் ஜான் பெத்தல் செய்ததுதான் பெரிய காரியம். அவர் மருந்தை மட்டும் யோசிக்கவில்லை, அதை உள்ளே எப்படி அனுப்புவது என்று யோசித்தார். ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மரத்தின் நுண்குழாய்கள் காலியாகிவிடும். பிறகு தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டை நிரப்பி அழுத்தம் கொடுத்தால் அது உள்ளே ஏறிவிடும். இன்றைக்கும் பச்சைக் கட்டை தயாராவது அடிப்படையில் இந்த முறையில்தான். உலகம் முழுக்க ரயில் பாதை பரவியதில் பெத்தலின் உருளைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கிரியோசோட் கறுப்பு. கையில் ஒட்டும், நாறும், அதன்மேல் பெயின்ட் நிற்காது. தண்டவாளத்துக்குக் கீழே போடலாம், வீட்டுக்குள் வைத்துக் குடியிருக்க முடியாது.

இங்கேதான் டேராடூன் வருகிறது. 1906-இல் அங்கே வன ஆராய்ச்சி நிறுவனத்தை ஆங்கிலேயர்கள் தொடங்கினார்கள். தேக்கும் சாலும் தேவதாருவும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மலைச்சரிவெல்லாம் சீர் பைன் கிடக்கிறது. அதைப் பதப்படுத்தினால் ரயிலுக்கும் கம்பத்துக்கும் ஆகும். எதிரி பூஞ்சை மட்டுமல்ல, கறையானும்தான். அந்த நிறுவனத்தில் மரம் பதப்படுத்தும் வேலையில் இருந்தவர் சோன்டி காமேசம். 1933-இல் அவர் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக் பென்டாக்சைடு ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, பொட்டாசியம் டைகுரோமேட் நான்கு பங்கு. தண்ணீரில் கரைத்து, பெத்தலின் உருளையில் ஏற்ற வேண்டியதுதான். ஆர்சனிக்கின் குறியீடும் செம்பின் குறியீடும் சேர்த்து அதற்கு 'ஆஸ்கு' என்று பேர்.

மயில்துத்தம் பூஞ்சையைக் கொல்லும் என்பது பழைய சங்கதி. பாஷாணம் பூச்சியைக் கொல்லும், இதுவும் பழசு. இரண்டும் தண்ணீரில் கரைவதால் மழையில் போய்விடும் என்பதும் தெரிந்ததுதான். காமேசத்தின் கெட்டிக்காரத்தனம் மூன்றாவது பொருளில் இருக்கிறது. குரோமியம் யாரையும் கொல்ல அங்கே வரவில்லை, பிடித்துவைக்க வந்தது. மரத்துக்குள் போனதும் அது மரத்தின் பொருட்களோடு வினைபுரிந்து வேறு நிலைக்கு மாறுகிறது. மாறும்போது செம்பையும் ஆர்சனிக்கையும் கரையாத உப்புகளாகச் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. துணியில் சாயம் நிற்கப் படிகாரம் போடுவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. காய்ந்த பிறகு மரம் இளம்பச்சையாக, வாடையில்லாமல், பெயின்ட் அடிக்கக்கூடியதாக நின்றது.

1934-இல் பிரிட்டனில் காப்புரிமை, 1938-இல் அமெரிக்காவில். 1940-களில் இங்கே தொலைபேசிக் கம்பங்களுக்குப் போனது. மிசிசிப்பியின் காட்டில் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் சோதனைக்காக மண்ணில் நட்டு வைத்த கட்டைகள் பல பத்தாண்டுகள் தாண்டியும் உறுதியாக நின்றன. பிறகு விகிதங்கள் மாறின, பேரும் மாறியது. சி.சி.ஏ என்று மூன்று எழுத்து ஆயிற்று. 1970-களிலிருந்து அமெரிக்க வீடுகளின் பின்கட்டு மேடை, வேலி, குழந்தைகளின் ஊஞ்சல் சட்டம் எல்லாம் அதுதான். காமேசத்தின் பேர் சீட்டில் இல்லை. எத்தனை கோடிப் பேர் அந்த மரத்தின்மேல் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள்!

'இந்தியர் கண்டுபிடித்தது தெரியுமா' என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி தட்டிவிட எனக்கும் கை அரித்தது உண்மை. அனுப்பவில்லை. அதற்குள் எங்கள் தோட்டத்துப் பாத்தி ஞாபகம் வந்துவிட்டது.

இந்த வீடு 1994-இல் கட்டியது. பின்கட்டு மேடையும் அப்போது போட்டதுதான். நாங்கள் வாங்கிய வருடம் படிக்கட்டை மாற்றினோம். பழைய பலகைகள் கல் மாதிரி இருந்தன. எறிய மனசு வரவில்லை. அவற்றை அறுத்துத்தான் காய்கறிப் பாத்திக்கு நாலு பக்கமும் சட்டம் போட்டேன். முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல், ஒரு சனிக்கிழமை முழுக்க அறுத்தேன். மரத்தூளைப் பாத்தியிலேயே கொட்டினேன், மக்கி உரமாகும் என்று. இரண்டு கோடை அதில் விளைந்த அரைக்கீரையைத்தான் சாப்பிட்டோம். மகள் அந்தச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து தக்காளியைப் பறித்துப் பறித்து வாயில் போடுவாள்.

சி.சி.ஏ மரத்தைத் தொட்டால் கையில் கொஞ்சம் ஆர்சனிக் வரும், பக்கத்து மண்ணிலும் கொஞ்சம் இறங்கும் என்பது 1990-களிலேயே பேசப்பட்ட விஷயம். 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு செய்தது. 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் போடுவதில்லை என்று தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஏற்கனவே கட்டியதைப் பிரிக்கச் சொல்லவில்லை. எரிக்கக் கூடாது, மரத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, உரத்தில் சேர்க்கக் கூடாது என்றார்கள். நான் மூன்றில் இரண்டைச் செய்திருந்தேன்.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வர மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. பலகையை ஒட்டிய மண்ணில் ஆர்சனிக் நிச்சயமாகக் கூடியிருந்தது. நடுப்பாத்தியில் தெருவின் மற்ற மண்ணைப் போலத்தான் இருந்தது. ஆர்சனிக் நகராமல் ஓரத்திலேயே தங்கிவிட்டது. மருத்துவரும் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். மண்ணை மாற்றிவிட்டு, பலகைகளைக் கழற்றி பாலிதீனில் சுற்றி வைத்தேன். இதில் காமேசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர் கம்பத்துக்கும் தண்டவாளத்துக்கும் மருந்து செய்தார். அதைக் கொண்டுபோய்க் குழந்தை உட்காரும் இடத்தில் வைத்தது வேறு ஆட்கள், அந்த வரிசையில் கடைசி ஆள் நான்.

இப்போது கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டையில் ஆர்சனிக் இல்லை. மயில்துத்தத்தின் வாரிசுகள்தான் எல்லாம், செம்போடு வேறு பூஞ்சைக்கொல்லிகள் சேர்ந்தவை. ஆனால் குரோமியத்தின் பிடி இல்லாமல், செம்பும் கூடுதலாக இருப்பதால், இவற்றில் பல சாதாரண ஆணியைச் சீக்கிரம் அரித்துவிடும். துத்தநாகத்தில் கனமாக முக்கி எடுத்த ஆணி வேண்டும், இல்லையென்றால் எவர்சில்வர்.

அப்படியானால் சுவர் முழுக்கப் பச்சைக் கட்டையிலேயே கட்டிவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் முடிவுக்கு வந்திருந்தேன். மாற்றியது நியூசிலாந்து. ஆக்லாந்தில் பல வருடம் இருந்த காலேஜ் நண்பனிடம் சுவர்க் கதையைச் சொன்னபோது சிரித்தான். "மச்சி, அங்க வீடு வாங்கப் போனா முதல் கேள்வியே எந்த வருஷம் கட்டினதுங்கிறதுதான். தொண்ணூத்தஞ்சுக்கும் ரெண்டாயிரத்து நாலுக்கும் நடுவுலன்னா திரும்பிப் பாக்காம வந்துடணும்" என்றான்.

அந்த நாட்டில் சுவர்ச் சட்டமெல்லாம் ரேடியாட்டா பைன். வைரம் பாயும் வரை அதை யாரும் நிற்கவிடுவதில்லை, பெரும்பகுதி வெளிறுதான். 1950-களிலிருந்து அதற்கு போரான் உப்பு ஏற்றினார்கள். நம் வெங்காரத்தின் குடும்பம். மனிதருக்கு அதிகக் கெடுதி இல்லை, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. ஒரே குறை, தொடர்ந்து நனைந்தால் கரைந்துவிடும். சுவருக்குள் மழை படாது என்பதால் பரவாயில்லை. 1990-களின் பிற்பகுதியில், சூளையில் நன்றாக உலர்த்திய மரமென்றால் மருந்தே வேண்டாம் என்று விதி தளர்ந்தது. தர்க்கம் தப்பில்லை. காய்ந்த மரம் கெடாதுதானே! ஆனால் அதே காலத்தில் இறவாணமே இல்லாத, வெளியே சாந்து மாதிரி பூசிய, சுவருக்குள் காற்றோட்டம் இல்லாத வீடுகள் நாகரிகமாயின. ஜன்னல் ஓரத்தில் ஒரு விரிசல் போதும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. கட்டைகள் கையால் பிய்த்து எடுக்கும் அளவுக்கு மக்கின. 2002-இல் அரசு விசாரணைக்குழு அறிக்கை தந்தது. 2004-இல் மருந்தேற்றிய மரம் திரும்ப வந்தது. 2009-இல் போட்ட ஒரு கணக்கில் சேதம் 11.3 பில்லியன் நியூசிலாந்து டாலர். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டில் குடியிருக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் நின்றவர்கள் ஏராளம்.

மருந்தை எடுத்ததுதான் தப்பு என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்து இருந்திருந்தால் சுவர் இன்னும் சில வருடம் பொறுத்திருக்கும், அவ்வளவுதான். அடைபட்ட தண்ணீர்தான் அங்கே வேலையைச் செய்தது. என் பேஸ்மென்ட்டிலும் அதேதான். விளக்கில் சூடான ஈரக்காற்று பலகையின் இடுக்கில் புகுந்து, குளிர்ந்த பக்கத்தைத் தொட்டதும் தண்ணீராகிறது. கீழேயிருந்து கான்கிரீட் ஊட்டுகிறது. நடுவில் கட்டை.

செடி வளர்க்கும் அறையில் தண்ணீர் உள்ளேயிருந்து வரும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன். அடிப்படையில் தோட்டக்காரர். சாட்ஸ்வொர்த்தில் 1836-லிருந்து 1840 வரை அவர் எழுப்பிய பிரம்மாண்டமான கண்ணாடி வீட்டின் வளைவுகள், பலகைகளை ஒட்டி வளைத்த மரம். இரும்புதான் இனி என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1851-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கூரைக்கு அவர் போட்ட மரச் சட்டத்தில் மேலே மழைநீருக்கு ஒரு வாய்க்கால், உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன வாய்க்கால்கள். கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழியும் நீர் மரத்தில் தங்காமல் அதில் ஓடிவிடும். சாட்ஸ்வொர்த் வீட்டை முதல் உலகப் போரின் நிலக்கரித் தட்டுப்பாடுதான் முடித்தது. சூடு இல்லாமல் செடிகள் செத்தன. 1920-இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள், அதுவும் ஒரே தடவையில் விழவில்லை.

என் சுவரை இப்படிக் கட்டினேன். தரையில் படும் ஒரே ஒரு கட்டை மட்டும் பச்சை. கான்கிரீட்டின்மேல் படும் மரம் மருந்தேற்றியதாகவோ இயற்கையிலேயே ஈரம் தாங்குவதாகவோ இருக்க வேண்டும் என்று இங்கே விதியே இருக்கிறது, முதல் தடவை நான் பார்க்கவில்லை. அதற்கும் தரைக்கும் நடுவில் ஒரு நுரைப்பட்டை. நிற்கிற கட்டையெல்லாம் சூளையில் உலர்த்திய வெள்ளைக் கட்டைதான். பச்சைக் கட்டை பெரும்பாலும் மருந்து ஏறிய ஈரத்தோடுதான் கடைக்கு வருகிறது. வீட்டுக்குள் காயும்போது முறுக்கிக்கொள்ளும், பலகை விட்டுப் போகும். வெள்ளைக் கட்டைகளுக்குக் கீழ் இரண்டடிக்கு மட்டும் போரான் கரைசல் அடித்தேன். எவர்சில்வர் வாங்கக் கை வரவில்லை, துத்தநாகம் முக்கிய ஆணிதான். அறையின் உட்பக்கம் முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் தகடு, இடுக்கெல்லாம் அடைத்து. வெளியே இழுக்கும் விசிறி ஒன்று. சுவரின் மறுபக்கத்தைப் பலகை போட்டு மூடவே இல்லை. பார்க்க அசிங்கம்தான், ஆனால் கட்டைகளுக்குக் காற்று கிடைக்கிறது, எனக்குக் கண்ணில் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரமானியோடு இறங்குவது பழக்கமாகிவிட்டது. முதல் வாரம் 16. இப்போது 11, 12. கறிவேப்பிலை இரண்டு தடவை ஒடித்தாயிற்று.

பின்கட்டு மேடை இன்னும் நிற்கிறது. முப்பது வருடம் ஆகியும் ஒரு பலகைகூட உளுக்கவில்லை. பிரித்துவிடலாம் என்கிறாள் மனைவி. பிரித்துக் கொண்டுபோய்ப் போட ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, இந்த வருடமும் எண்ணெய் பூச்சு அடித்து, மேலே பாய் விரித்திருக்கிறேன்.